75 மதிப்பெண் இன்டர்வியூ: மெடிக்கல் சீட்டும் கிராமத்து மாணவனும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்று ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கு எடுத்த குகைக்கோயில் இங்கேதான் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறான் அந்த ராஜா.

இந்தக் கட்டுரை கோயிலைப் பற்றியது அல்ல. இந்த மாதிரி ஒரு ஊரில் 1970-ல் ஒரு மாணவன் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் படிப்பான். டாக்டராக வேண்டும் என்று ஆசை. வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அவன் மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராகியிருப்பான்?

இன்டர்வியூவா, மருத்துவப் படிப்புக்கா என்று இப்போது ப்ளஸ் டூ முடித்தவர்கள் கேட்கலாம். நீட், அதற்கு முன் கட்-ஆஃப், அதற்கும் முன் நுழைவுத் தேர்வு என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடம் வாங்க ஒரு குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த இன்டர்வியூ எப்படி இருந்தது, எதனால் போனது, போனதில் லாபம் என்ன, நஷ்டம் என்ன என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பின்னணி

யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது சென்னை மாகாணத்தில் பழைய சண்டை. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு 1920களில் கல்லூரிச் சேர்க்கைக்குக் குழுக்கள் போடப்பட்டன. முதல்வர் ஒருவரே தன் விருப்பப்படி சேர்க்கக் கூடாது என்பதுதான் நோக்கம். பிறகு வகுப்புவாரி உத்தரவு வந்தது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு.

இந்த உத்தரவை 1951-ல் சண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், அதனால் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கு இருக்கிறது. அப்போது சென்னை மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் 4. மொத்த இடங்கள் 330. அதில் 17 வெளிமாநிலத்தாருக்கு. 12 இடங்கள் அரசு தன் விருப்பப்படி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்! மீதி இடங்கள் மாவட்டங்களை 4 தொகுதிகளாகப் பிரித்துப் பங்கிடப்பட்டன.

ஆக, அந்தக் காலத்திலேயே மூன்று விஷயங்கள் கலந்து கிடந்தன: எந்தச் சமூகம், எந்த மாவட்டம், அரசாங்கத்தின் விருப்பம். மதிப்பெண் இவற்றுக்குள்தான் வேலை செய்தது.

மாவட்டக் கணக்கு போனது

1960களின் நடுவில் சென்னை அரசு மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகை விகிதப்படி பிரித்துக் கொடுக்கும் விதியை வைத்திருந்தது. மண்டகப்பட்டும் செஞ்சியும் அப்போது தென்னாற்காடு மாவட்டம். பெரிய மாவட்டம். மாநில அரசின் மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட அதில் கிடையாது. அப்படிப்பட்ட மாவட்டத்துக்கு இந்த விதி ஒரு பாதுகாப்பு மாதிரி. சென்னை நகரத்துப் பிள்ளைகளோடு நேரடியாகப் போட்டி போட வேண்டாம், உங்கள் மாவட்டத்துக்குள் போட்டி போட்டால் போதும்.

1968 ஜனவரியில் ராஜேந்திரன் என்ற மாணவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதியை ரத்து செய்தது. ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர் வெளியே நிற்கிறார், இன்னொரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் உள்ளே போகிறார், இது சமத்துவம் ஆகாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். தர்க்கப்படி சரிதான். ஆனால் வசதி இல்லாத மாவட்டத்துக்கு இருந்த அந்தப் பாதுகாப்பும் கூடவே போய்விட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

1970: ஆறு யூனிட், 75 மதிப்பெண்

மாவட்டம் கூடாது என்றதும் தமிழக அரசு வேறு வழி கண்டுபிடித்தது. 1970-71 சேர்க்கைக்குக் கல்லூரிகளை 6 யூனிட்டாகப் பிரித்தார்கள். சென்னை நகரத்துக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட். செங்கல்பட்டு, மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி, கோயம்புத்தூர் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒரு யூனிட். ஒரு மாணவர் ஒரே ஒரு யூனிட்டுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்குப் போடுங்கள் என்று அறிவுரை வேறு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனித் தேர்வுக் குழு.

மதிப்பெண் கணக்கு இப்படி: பி.யு.சி. பாடங்களுக்கு 200, இன்டர்வியூவுக்கு 75. மொத்தம் 275.

இன்டர்வியூவில் எதைப் பார்த்தார்கள்? ஐந்து தலைப்புகள். ஒன்று, விளையாட்டு அல்லது என்.சி.சி. இரண்டு, பாடத்துக்கு வெளியே செய்த சிறப்புச் சேவை. மூன்று, உடல் நிலையும் தாங்கும் சக்தியும். நான்கு, பொதுத் திறமை. ஐந்து, மருத்துவத்துக்கு ஏற்ற நாட்டம்.

இந்தப் பட்டியலை அந்த மண்டகப்பட்டு மாணவனின் கண்ணால் ஒருமுறை படித்துப் பாருங்கள். என்.சி.சி. இருக்கும் பள்ளியில் படித்தால்தான் என்.சி.சி. சான்றிதழ். கோச், மைதானம், ஷூ எல்லாம் இருந்தால்தான் விளையாட்டுச் சான்றிதழ். பள்ளி விட்டதும் மாடு பிடித்துக் கட்டுவதும் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் "சிறப்புச் சேவை"யில் வராது. பொதுத் திறமையை எப்படி அளப்பது? பேசுவதை வைத்துத்தான். எந்த மொழியில், எவ்வளவு தயக்கமில்லாமல் பேசுகிறான் என்பதை வைத்துத்தான். மகேந்திரவர்மனாவது செங்கலும் மரமும் வாங்க முடிந்தும் வேண்டாம் என்று விட்டவன். இந்த மாணவனுக்கு அவை முதலிலேயே கிடையாது.

75 மதிப்பெண்தானே, 275-ல் அது எவ்வளவு பெரிய பங்கு என்று கேட்கலாம். சதவீதத்தில் 27. ஆனால் அந்த 27-தான் முடிவைத் தீர்மானித்திருக்கும். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு உதாரணம் (எண்கள் கற்பனை): முருகன் பி.யு.சி.யில் 200-க்கு 170. ரவி 150. இன்டர்வியூவில் முருகனுக்கு 75-க்கு 25, ரவிக்கு 50. கூட்டிப் பாருங்கள். முருகன் 195, ரவி 200. ஒரு வருடம் முழுக்கப் படித்துச் சேர்த்த 20 மதிப்பெண் முன்னிலை ஒரு அறையில் சில நிமிடத்தில் காணாமல் போகிறது. விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் பரீட்சையில் கிட்டத்தட்ட ஒரே அளவில் நெருக்கி நிற்கும்போது, எந்தப் பகுதியில் மதிப்பெண் அதிகம் விரிந்து பரவுகிறதோ அந்தப் பகுதிதான் யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவு செய்யும்.

பெரியகருப்பன் வழக்கு

இந்தச் சேர்க்கையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் பெரியகருப்பன். வழக்கில் அவர் பெயருக்கு முன்னால் "மைனர்" என்று இருக்கும். பதினெட்டு வயதுகூட ஆகாத பையன்! அவரோடு இன்னொரு மாணவியின் மனுவும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. 1970 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

நீதிமன்றம் கவனித்த முக்கியமான விஷயம் இது. ஐந்து தலைப்புகளிலும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். ஆனால் குழுக்கள் அப்படிச் செய்யாமல் மொத்தமாக ஒரே எண்ணைப் போட்டிருந்தன. பரீட்சையில் குறைவாக எடுத்த பலருக்கு இன்டர்வியூவில் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் நிறைய எடுத்தவர்கள் பலருக்கு இன்டர்வியூவில் கிள்ளிக் கொடுத்திருந்தார்கள். யூனிட் வாரியாகப் பிரித்ததும் செல்லாது என்று தீர்ப்பானது. மாவட்டத்துக்குச் சொன்ன அதே காரணம்தான். ஒதுக்கி வைத்திருந்த 24 இடங்களை மாநில அளவில் புதிதாகத் தேர்வு செய்து நிரப்பும்படி உத்தரவு வந்தது. பிற்பட்டோருக்கான இடஒதுக்கீட்டை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

அதே நேரம் இன்டர்வியூ என்ற முறையே உபயோகமற்றது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முதல் பார்வையில் தோன்றுவது எப்போதும் சரியாக இருக்காது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் முறையை ஒழிக்கவில்லை. அதற்கு முன்பே 1964-ல் மைசூர் மாநிலத்தின் சித்ரலேகா வழக்கில் மருத்துவ, பொறியியல் சேர்க்கைக்கு இன்டர்வியூ வைப்பது செல்லும் என்று தீர்ப்பாகியிருந்தது. எனவே குறை நடத்திய விதத்தில்தான், முறையில் இல்லை என்ற நிலை நீடித்தது.

மூன்று நிமிடத்தில் ஒரு மனிதனை அளக்க முடியுமா?

இதற்கு ஒரு எல்லை கட்டியது அஜய் ஹாசியா வழக்கு. அது மருத்துவம் இல்லை, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி. எழுத்துத் தேர்வு 100, இன்டர்வியூ 50. ஒவ்வொருவரையும் 2 அல்லது 3 நிமிடம் மட்டுமே பார்த்தார்கள், அதிலும் அப்பா யார், எந்த ஊர் என்றுதான் கேட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். 1980 நவம்பரில் வந்த தீர்ப்பில், இன்டர்வியூவுக்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கொடுத்தால் அது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. கேள்வி பதிலை டேப்பில் பதிவு செய்து வைத்தால் நல்லது என்றும் சொன்னது.

அப்பா யார், எந்த ஊர். சாதாரணமான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் நம் நாட்டில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் ஒருவனைப் பற்றி எவ்வளவு தெரிந்துவிடும் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்தியாவில் நடத்திய விதம்தான் மோசம், முறையாக நடத்தினால் நல்ல டாக்டரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் தற்செயலாக ஒரு பரிசோதனை நடந்தது. 1979-ல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி சுமார் 800 பேரை இன்டர்வியூ செய்து, தரவரிசை போட்டு, 150 பேரைச் சேர்த்துவிட்டது. அதன் பிறகு மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. நல்ல ரேங்க் வாங்கியவர்கள் எல்லாம் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். எஞ்சியிருந்தவர்கள் பட்டியலின் அடியில் இருந்தவர்கள்தான். அவர்களைச் சேர்த்தார்கள். பிற்பாடு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 1987-ல் வெளியானது. படிப்பிலும், நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியிலும், பாதியில் விட்டுப் போனதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை! முதலில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைப் போலவே நல்ல டாக்டர்களாக வந்தார்கள்.

தமிழ்நாடு இன்டர்வியூவை விட்டது

1984-85-ல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. மருத்துவத்துக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் 200-க்கும் நுழைவுத் தேர்வு 100-க்கும் கணக்கிட்டு, மொத்தம் 300-க்கு ரேங்க் போடும் முறை நிலைபெற்றது. முகம் பார்த்து மதிப்பெண் போடுவது போனது. சிபாரிசுக் கடிதத்துக்கும் வேலை போனது. ரேங்க் பட்டியல் அச்சில் வந்துவிடும், யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நுழைவுத் தேர்வுக்கும் தயாராக வேண்டுமே! கோச்சிங் சென்டர் நகரத்தில்தான் இருந்தது. முன்பு பேச்சும் பழக்கமும் செய்த வேலையை இப்போது கோச்சிங் கட்டணம் செய்தது. கிராமத்து மாணவர்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்ற காரணத்துக்காக 2005-லும் 2006-லும் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வை எடுக்க முயன்றது, இரண்டு முறையும் உயர் நீதிமன்றம் தடுத்தது. பிறகு வந்த கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைத்து, அதன் பரிந்துரைப்படி சட்டம் கொண்டுவந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. 2007-08 முதல் ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டுமே.

அதற்கடுத்த கதை நமக்குத் தெரியும். 2017-ல் தமிழ்நாட்டுக்கும் நீட் வந்தது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையின்படி, மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம். 2020-21-ல் 71.42 சதவீதம். அதாவது ஒரு வருடமோ இரண்டு வருடமோ வீட்டில் உட்கார்ந்து, பணம் கட்டிப் படிக்க முடிந்தவர்கள். இதைச் சரிக்கட்ட 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது.

வேலூர் சொன்ன வேறு கதை

இதுவரை படித்தவர்கள் இன்டர்வியூ என்றாலே அநியாயம் என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். அவசரப்பட வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியையும் பார்க்க வேண்டும்.

ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பின்னால் சி.எம்.சி. ஆனது. அங்கே நீட் வரும் வரை இன்டர்வியூ இருந்தது. மூன்று நிமிட இன்டர்வியூ இல்லை. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை வேலூருக்கு வரவழைத்து, சில நாட்கள் தங்க வைத்து, தனியாகப் பேசியும் குழுவாக வேலை கொடுத்தும் பார்ப்பார்கள். திருச்சபைகளின் சார்பில் வரும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் மிஷன் மருத்துவமனைகளில், பெரும்பாலும் வசதி குறைந்த இடங்களில், இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும். அவர்கள் தேடியது முதல் ரேங்க் மாணவனை அல்ல, அப்படிப்பட்ட இடத்துக்குப் போய் நிற்கக்கூடியவனை.

இந்த முறையை விட அவர்களுக்கு மனமில்லை. 2017-ல் நீட் மூலம்தான் சேர்க்க வேண்டும் என்றபோது, எம்.பி.பி.எஸ். 100 இடங்களில் ஒரே ஒரு இடத்தை மட்டும் நிரப்பிவிட்டு 99 இடங்களைக் காலியாக விட்டார்கள்! நாடெங்கும் மெடிக்கல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது 99 சீட் காலி. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

அரசு இன்டர்வியூவுக்கும் சி.எம்.சி. இன்டர்வியூவுக்கும் என்ன வித்தியாசம்? நேரம் ஒன்று. நோக்கம் இன்னொன்று. எதற்காக ஆள் எடுக்கிறோம் என்பது அங்கே தெளிவாக இருந்தது. கேள்விகள் அதிலிருந்து வந்தன. 1970-ன் அரசுக் குழுவுக்கு ஐந்து தலைப்புகள் இருந்தன. எந்த மாதிரி டாக்டர் வேண்டும் என்ற தெளிவு அந்தத் தலைப்புகளில் இல்லை. அதனால்தான் மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போக முடிந்தது.

வெளிநாடுகளும் இதே பிரச்சினையோடு போராடின. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. ஒரு குழு முன்னால் ஒரு நீண்ட பேட்டி என்பதற்குப் பதிலாக, வரிசையாகப் பல சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் வேறு தேர்வாளர், வேறு சூழ்நிலை, சில நிமிடம். ஒருவரின் விருப்பு வெறுப்பு ஒரு அறையோடு நின்றுவிடும். இது பல நாடுகளுக்குப் பரவியது. உடனே இதற்கும் கோச்சிங் முளைத்தது என்பது தனிக்கதை!

கணக்கைக் கூட்டிப் பார்த்தால்

வரவு எழுதுவோம். முகத்தையும் பேச்சையும் அப்பா பெயரையும் பார்த்துப் போட்ட 75 மதிப்பெண் போனது பெரிய லாபம். அதை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்கள் பள்ளியை அப்போதுதான் தாண்டிய பிள்ளைகள் என்பதை மறக்கக் கூடாது. விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மண்டகப்பட்டு மாணவன் இன்று கல்லூரியைத் தேடி மாவட்டம் தாண்ட வேண்டியதில்லை.

பற்றும் எழுத வேண்டும். மாவட்டம் போனது, யூனிட் போனது, இன்டர்வியூ போனது, நுழைவுத் தேர்வு போனது, திரும்ப வேறு பெயரில் வந்தது. ஒவ்வொரு முறையும் வசதி உள்ளவர்கள் புதிய விதிக்கு முதலில் தயாரானார்கள். கிராமத்து மாணவன் அந்த விதியைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த விதி வந்துவிட்டது. "டாக்டரானதும் உன் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்வாயா?" என்ற கேள்வியைக் கேட்க இப்போதைய சேர்க்கையில் இடமே இல்லை. 720 மதிப்பெண்ணில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. மத்திய அரசின் கெஜட்டட் அல்லாத பி பிரிவு, சி, டி பிரிவு வேலைகளுக்கு 2016 ஜனவரி முதல் இன்டர்வியூ எடுக்கப்பட்டுவிட்டது. வங்கி கிளார்க் தேர்விலும் கிடையாது. ஆனால் வங்கி அதிகாரி வேலைக்கும் தனியார் கம்பெனிக்கும் இன்னும் உண்டு. அந்த அறைக்குள் போகும்போது உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். வேலையைப் பற்றிக் கேட்கிறார்களா, அப்பாவைப் பற்றிக் கேட்கிறார்களா? நாளைக்கு நீங்களே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரும் நாள் வந்தால், மதிப்பெண் போடும் தாளில் தலைப்புகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.